தென்னாப்பிரிக்காவில் வேப்பமரம்: உறைபனி, பெர்க் காற்று, கோடை வெயில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேட்டாலில் ஐந்தாறு தலைமுறைகளாக வாழும் குடும்பங்களும், அண்மையில் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் வந்து குடியேறியவர்களும் வேம்பைப் பற்றிக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. நான் தோட்டம் போடுவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், பனி இறங்கும் பள்ளத்தில். அதனால் குளிரைப் பற்றிய பதில்கள் சற்று நீளமாகத்தான் இருக்கும்.

இந்த நாட்டில் வேம்பு வளருமா?

ஊரைப் பொறுத்தது. டர்பனிலும் அதன் வடக்கு, தெற்குக் கடற்கரைகளிலும் தாராளமாக வளரும். ஜூலை மாதத்திலும் அங்கே விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே போவதில்லை. உறைபனி என்ற பேச்சே கிடையாது. மேற்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வந்தால் கதை மாறுகிறது. ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு இது. குன்றின் சரிவில் உள்ள வீட்டில் வேம்பு பிழைக்கும். அதே தெருவின் அடியில், ஓடைக்கரை வீட்டில் இலை கருகும்.

ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் புறநகரான லெனேசியாவில் மே மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை புல் வெளுத்துக் கிடக்கும் காலைகள் சாதாரணம். அங்கே வேம்பு வளர்க்கலாம், ஆனால் முதல் நான்கைந்து குளிர்காலங்களுக்கு அது பிள்ளை வளர்க்கிற வேலைதான். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கும் குளிர் ஆகாது, ஆனால் சமையலறை ஜன்னலோரம் தொட்டியில் அடங்கிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு வேம்பு உறைபனியிலும் ஜம்மென்று நிற்கிறதே?

பெரும்பாலும் அது வேம்பாக இருக்காது. சிரிங்கா என்று இங்கே எல்லோரும் சொல்லும் மரம் அது; வேம்பின் பங்காளி, இரண்டும் மகோகனிக் குடும்பம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழிவந்த பல வீடுகளில், மாரியம்மன் வழிபாட்டுக்கு சிரிங்கா இலையைத்தான் இன்றும் கட்டுகிறார்கள். தவறென்று சொல்ல நான் யார்? ஆனால் குளிர் தாங்குவதில் இரண்டுக்கும் வெகுதூரம். சிரிங்கா குளிர்காலத்தில் இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டு மஞ்சள் காய்க் கொத்துகளோடு மொட்டையாக நிற்கும். வசந்தத்தில் மீண்டும் தழைக்கும்.

அடையாளம் காண்பது எளிது. வேப்பிலையில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் அரிவாள் போல் வளைந்த, ரம்பப்பல் விளிம்புள்ள சிற்றிலைகள் இருக்கும். சிரிங்காவில் ஈர்க்கு கிளைபிரிந்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ வெளிர் ஊதா. சிரிங்காக் காய் நச்சு, குழந்தைகள் வாயில் வைக்கக்கூடாது. அரசின் அயல் ஊடுருவல் தாவரப் பட்டியலில் அது இருப்பதால் புதிதாக நடுவதும் விற்பதும் சட்டப்படி கூடாது. 'எங்கள் வேம்புக்குப் பனி ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால், முதலில் ஓர் ஈர்க்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எத்தனை டிகிரியில் ஆபத்து தொடங்குகிறது?

வேம்பு 45 டிகிரியைத் தாண்டிய வெயிலையும் தாங்கும். மெக்காவுக்கு அருகே அரஃபாத் சமவெளியில் ஹஜ் பயணிகளின் நிழலுக்காக ஏறக்குறைய 50,000 வேம்புகளை நட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில்தான் அது கோழை. 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை சோரும், பழுக்கும், உதிரும். பூஜ்யத்தைத் தொட்டால் இளங்கன்று செத்துப்போகும். தண்டு கெட்டிப்பட்ட மரம் இலேசான உறைபனியை ஓரிரு இரவுகள் தாங்கி, இலையை மட்டும் பறிகொடுக்கும்.

உள்ளே நடப்பது இரண்டு வகைக் கேடு. உறைநிலைக்கு மேலேயே, வெறும் குளிரில், இலையின் செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு இறுகிப்போகிறது. சவ்வு கசியத் தொடங்குகிறது. உறைநிலைக்குக் கீழே போனால் செல்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் காலை இலை வெந்த கீரை போலத் தொங்குவது அதனால்தான். உண்மையில் அது தாகத்தில் செத்த இலை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வானிலை அறிக்கை தரும் எண், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், நிழற்கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். உங்கள் கன்று நிற்பது புல்மட்டத்தில். அறிக்கை 4 டிகிரி என்றால், நீங்கள் உறைபனி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எந்தப் பக்கம் நடவேண்டும்?

வடக்குப் பக்கம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் பாதி உயரம்கூட ஏறுவதில்லை. வீட்டுக்குத் தெற்கே நட்ட கன்று மே முதல் ஆகஸ்ட் வரை வீட்டின் நிழலிலேயே நடுங்கும். வடக்கு பார்த்த செங்கல் சுவருக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நட்டால், பகலெல்லாம் சுவர் குடித்த வெப்பத்தை இரவில் கன்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதைவிட நெருக்கமாக நடவேண்டாம். மரம் பெரிதானால் அஸ்திவாரத்துக்கும் கூரைக்கும் தொல்லை. சின்ன மனை என்றால் இன்னும் தள்ளியே நட்டுவிட்டு, சுவர்ச் சூட்டை மறந்துவிடுங்கள்.

அடுத்து, மேடா பள்ளமா என்று பாருங்கள். குளிர்காற்று கனமானது, இரவில் அது தண்ணீர் போலவே சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். சரிவான தோட்டத்தின் அடியில் நெருக்கமான மதிலோ அடர்ந்த வேலியோ இருந்தால், அது அணைக்கட்டுப் போல் குளிரைத் தேக்கிவைக்கும். மதிலின் அடியில் ஓரிரு செங்கல் இடைவெளி விட்டால் குளிர் வடிந்துபோகும். நம்புவது கடினம்தான். ஜூலைக் காலையில் புல்மேல் வெள்ளை எந்த இடத்தில் தடித்திருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். நடவேண்டிய இடத்தை அந்த வெள்ளையே காட்டிக்கொடுக்கும்.

பெரிய மரத்தின் கிளைநிழலும் ஒரு போர்வைதான். தரை வெப்பம் வானத்துக்குப் போவதை அந்தக் கிளைகள் தடுக்கும். முதிர்ந்த அவகாடோ அல்லது மாமரத்தின் வடக்கு ஓரத்தில், விளிம்புக் கிளைகளின் கீழ் வளரும் வேப்பங்கன்று வெட்டவெளிக் கன்றைவிடப் பத்திரமாக இருக்கும். சிறுவயதில் வேம்பு ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

எப்போது நடுவது? ஆடிப்பட்டம் இங்கே பொருந்துமா?

பொருந்தாது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது காவிரிக்கரைக்குச் சொன்னது. இங்கே ஆடி நட்டநடுக் குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் உயர்பீடபூமியான ஹைவெல்டில் அப்போது மழையும் கிடையாது. செப்டம்பர்க் கடைசியில் இரவுக் குளிர் தணிந்து, அக்டோபர் மழை தொடங்கும்போது நடுங்கள். அப்போதுதான் முதல் குளிருக்கு முன் ஏழு எட்டு மாதம் வேர் இறங்க அவகாசம் கிடைக்கும். மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய கன்றைத் தொட்டியிலேயே வைத்திருந்து, அடுத்த வசந்தத்தில் நடுவதே மேல். டர்பன்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஜூலை முழுவதும் நன்றாக இருந்த கன்று ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கருகுவது ஏன்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதிலும் ஒன்றுதான்: பெர்க் காற்று.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கடலை நோக்கிக் காற்று இறங்கும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டு ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி சூடேறும். டிராக்கன்ஸ்பர்க் மலைவிளிம்பிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வந்து சேருவதற்குள் அது அடுப்பு வாயைத் திறந்ததுபோல் ஆகிவிடுகிறது. காலையில் ஸ்வெட்டர் போட்டவர் மதியம் 33 டிகிரியில் வியர்ப்பார். ஈரப்பதம் அடிமட்டத்துக்கு விழும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மட்டும் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

இந்தச் சூடு இரண்டு தீங்குகளைச் செய்கிறது. மண் இன்னும் குளிர்ந்து கிடப்பதால் வேரால் தண்ணீரை விரைவாக இழுக்க முடியாது. மேலே இலையிலிருந்து காற்று தண்ணீரை உறிஞ்சுகிறது. இலையின் ஓரம் காய்ந்து முறுகுவது இதனால். பனியில் கருகியது என்று நினைத்து இன்னும் இரண்டு போர்வையைப் போடுகிறவர்கள் உண்டு. கன்று கேட்டது ஒரு வாளித் தண்ணீர்.

இரண்டாவது தீங்கு இன்னும் கெட்டது. இரண்டு மூன்று நாள் சூட்டைக் கண்டு, குளிர்காலம் போய்விட்டதென்று மரம் ஏமாந்து செங்கொழுந்து விடுகிறது. பெர்க் காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டே தெற்கிலிருந்து குளிர்முகப்பு வரும். சில மணி நேரத்தில் வெப்பம் 15, 20 டிகிரி சரியும். பழைய இலைக்காவது சற்றுத் தாங்கும் சக்தி உண்டு. கொழுந்துக்கு எதுவும் கிடையாது. கொழுந்து போனால் மரம் சேமித்துவைத்த மாவுச்சத்தும் அதோடு போகிறது. ஒரு முறை என்றால் மீண்டும் துளிர்க்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை நடந்தால் இளமரத்தின் கையிருப்பு தீர்ந்துவிடும்.

குளிர் முடிந்துவிட்டது என்று நாள்காட்டியைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையே முடங்கியது. 2012-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது ஆகஸ்ட் 7 அன்று.

ஆகவே ஆகஸ்டில் செய்யவேண்டியது இது. பெர்க் காற்று வரும் என்று அறிவிப்பு கேட்டதும் முதல்நாள் மாலையே தூரில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். காற்று வரும் மேற்கு, வடமேற்குப் பக்கம் நிழல்வலையோ சாக்குப்படுதாவோ தட்டியாகக் கட்டுங்கள். இறுக்கமான பலகை வேண்டாம். காற்று அதைத் தாண்டி மறுபக்கம் சுழன்றடிக்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வலைதான் நல்லது. துளிர் விட்டுவிட்டதே என்று மகிழ்ந்து உரம் போடாதீர்கள். கன்றை மூடும் பனித்துணியை மடித்துப் பரணில் வைக்கவும் வேண்டாம். அது செப்டம்பர்க் கடைசி வரை கதவோரம் இருக்கட்டும்.

பனி இரவில் கன்றை எப்படி மூடுவது?

மூடுவதற்கு இரண்டு நோக்கம் என்று நினைத்துக்கொண்டால் பாதித் தவறு தானாக நின்றுவிடும். இலையின் சூடு வானத்துக்குப் போகாமல் தடுப்பது ஒன்று. தரையிலிருந்து எழும் சூட்டைப் பிடித்துவைப்பது மற்றொன்று. துணியைக் கன்றின் தலையில் சுற்றி, தண்டோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டால் தரைச்சூடு வெளியே நின்றுவிடும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கன்றைச் சுற்றி மூன்று அல்லது நான்கு கழிகளை நடுங்கள். கழிகள் கன்றைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். தோட்டக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பனித்துணியைக் கூடாரம் போல் மேலே போட்டு, ஓரங்களைத் தரைவரை இறக்கிச் செங்கல் வையுங்கள். துணி இலையைத் தொடக்கூடாது. இப்படிச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி காப்பாற்றலாம். உறைபனிக்கும் உயிருக்கும் நடுவே பல இரவுகளில் இருப்பது அந்த இரண்டு டிகிரிதான். சூரியன் இறங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே பூட்டுகிறீர்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடவேண்டும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச்செடிகளை மிலார்ச் செடியின் கிளைகளால் மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஓடும், வானம் மறையும், நல்ல உத்தி. இங்கே வெட்டிப்போட்ட எந்தப் புதர்க்கிளையும் அதற்கு உதவும். ஆனால் விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் அந்த ஊர்ப் பழக்கத்தை ஹைவெல்டில் பின்பற்றாதீர்கள். இங்கே காற்று வறண்டது. சிறிது தெளித்த தண்ணீர் ஆவியாகும்போது இலையை மேலும் குளிர்விக்கும்.

முதல்நாள் பகலில் மண்ணை நனைத்துவைப்பது வேறு விஷயம். அதை அவசியம் செய்யுங்கள். ஈரமண் வெப்பத்தை நிறையச் சேமித்து இரவில் விடும். வைக்கோல், சருகு மூடாக்கு வேருக்கு நல்லது, ஆனால் அது தரைச்சூட்டை அடியிலேயே அடைத்துவிடுவதால் மேலே காற்று இன்னும் குளிரும். கடும்பனி வரும் வாரத்தில் சருகை ஒதுக்கி, தூரைச் சுற்றி மண் தெரியும்படி விடுங்கள். கிக்குயு புல்லையும் தூரைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்காவது கொத்தி எடுத்துவிடவேண்டும்.

இன்னொரு காப்பு மண் அணைப்பது. மே மாதக் கடைசியில் தூரைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்கு உலர்ந்த நல்ல மண்ணைக் குவியுங்கள். மேலே எல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு பிழைத்து, அங்கிருந்து துளிர்க்கும். முதல் மழைக்கு முன் குவித்த மண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

பிளாஸ்டிக் தாள், மின்விளக்கு, டயர் புகை?

பிளாஸ்டிக் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். பகலில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துவிடும். பழைய குண்டுபல்பு சூடு தரும், எல்இடி தராது. எதுவானாலும் லோட்ஷெடிங் வந்தால் இரண்டும் ஒன்றுதான். புகை வெப்பத்தைப் பிடித்துவைக்காது, அண்டைவீட்டாரின் சண்டையைத்தான் கொண்டுவரும்.

தொட்டியில் வளர்த்தால் உள்ளே எடுத்துவைக்கலாம் அல்லவா?

முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்கு அது நல்ல வழி. ஆனால் தொட்டி வேருக்கு எல்லாப் பக்கமும் குளிர், எல்லாப் பக்கமும் வெயில். கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியை ஜனவரி வெயிலில் சிமெண்டுத் தரைமேல் வைத்தால், வெயில்பட்ட பக்கத்து வேர் வெந்துபோகும். தொட்டியை வெளிர்நிறச் சாக்கால் சுற்றுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் சிறியதை வையுங்கள். குளிர்காலத்தில் கேரேஜ் இருட்டில் மாதக்கணக்கில் அடைக்கவேண்டாம். இரவில் உள்ளே, பகலில் வடக்கு வராந்தாவில் என்று நகர்த்துங்கள். தண்ணீரை வெகுவாகக் குறையுங்கள். ஆணிவேர் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும் முன் தரைக்கு மாற்றிவிடவேண்டும்.

வேம்புக்கு வெயில் ஒரு பொருட்டா என்ன?

வேர் இறங்கிய வேம்புக்கு இல்லை. 2016 ஜனவரியில் பிரிட்டோரியாவில் 42 டிகிரியைத் தாண்டியபோதுகூட அது வேம்பின் எல்லைக்குள்தான் இருந்தது. நட்ட முதல் இரண்டு கோடைகள் மட்டும் கவனம். கன்றுகடையில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த கன்றை நேரே வெட்டவெளியில் நட்டால் இலை வெளிறி, பிறகு பழுப்பாகும். ஒரு வாரம் காலை வெயில், அடுத்த வாரம் மதியம் வரை என்று பழக்குங்கள். தினம் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் இரண்டு முறை வட்டப்பாத்தி நிறைய விடுங்கள். வேர் கீழே தேடிப்போகும்.

தண்ணீர் தேங்குவதுதான் வெயிலைவிடப் பெரிய எதிரி. கரிசல் மண்ணில், மாலை இடிமழைக்குப் பிறகு குழியில் தண்ணீர் நின்றால் மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். வேர் அழுகிய மரமும் வெயிலில் வாடும். அது தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள். மண்ணில் விரல்விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

தண்டின் ஒரு பக்கம் மட்டும் பட்டை வெடித்திருக்கிறது. பூச்சியா?

எந்தப் பக்கம் என்று பாருங்கள். வடக்கு, வடமேற்கு என்றால் குளிர்கால வெயிலின் வேலை. பகல் முழுதும் சாய்வெயில் தண்டைச் சூடேற்றிப் பட்டைக்கு அடியிலுள்ள திசுவை விழிக்கவைக்கிறது. இரவில் திடீரென்று குளிர்ந்ததும் அந்தத் திசு சாகிறது. தண்ணீரில் கரையும் வெள்ளை நிற பிவிஏ சுவர்ப் பெயிண்டில் சரிபாதித் தண்ணீர் கலந்து, ஏப்ரலில் தண்டின் அடியிலிருந்து முதல் கிளை வரை பூசுங்கள். சுண்ணாம்பும் போதும், மழையில் கரையும் என்பதுதான் குறை. எண்ணெய்ப் பெயிண்டு ஆகாது. வெடித்த இடத்தைத் தாரால் மெழுகவேண்டாம். தளர்ந்த பட்டையை மட்டும் நீக்கிவிட்டு ஆற விடுங்கள்.

குளிருக்கு முன் உரம் போட்டால் மரம் பலமாகுமா?

தழைச்சத்து போட்டால் பலவீனமாகும். பிப்ரவரி நடுவோடு சாணம், கோழி எரு, யூரியா எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஏப்ரலிலிருந்து தண்ணீரையும் படிப்படியாகக் குறையுங்கள். புதுத்தளிர் நின்று, பச்சைத் தண்டு பழுப்பாகிக் கெட்டிப்படவேண்டும். அந்தக் கெட்டிப்பட்ட தண்டுதான் மரத்தின் ஸ்வெட்டர். அக்டோபரில் மீண்டும் தொடங்கலாம்.

ஆடி மாதக் கூழுக்கு இலை வேண்டும். பறிக்கலாமா?

மரம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் மரத்தில் இருக்கும் இலைதான் கீழே உள்ள கொழுந்துக்கும் தண்டுக்கும் கூரை. இளமரத்தில் உச்சிக்கிளைகளை ஒடித்து மாலை கட்டினால், அந்த வாரமே விழும் பனி நேராக உள்ளே இறங்கும். வெட்டிய இடத்துக்குக் கீழே துளிரும் கிளம்பும். அதன் கதி என்னவென்று மேலே சொல்லியாயிற்று. ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வளராத மரத்திலிருந்து ஆடியில் கிளை ஒடிக்கவேண்டாம். கரகத்துக்கும் வாசலுக்கும் ஈர்க்கு ஈர்க்காக, அடிக்கிளைகளின் உட்புறத்திலிருந்து கொஞ்சம் கிள்ளிக்கொள்ளலாம். அம்மன் ஒரு கொத்துக்கும் மனம் குளிர்வாள்.

ஈஸ்டர் நாள்களில் இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாக்களுக்குப் பறிப்பது கடற்கரை மரங்களிலிருந்து என்றால் கவலையில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்நாட்டிலும் மார்ச், ஏப்ரலில் பலமாகக் கவாத்து செய்யக்கூடாது. கவாத்துக்கு உரிய மாதம் அக்டோபர். சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: இங்கே ஏப்ரல் இலையுதிர்காலம், மரத்தில் பூ இருக்காது. வசந்தத்தில் பூக்கும்போது உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

முழுவதும் கருகிவிட்டது. பிடுங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். எங்கே பச்சை தொடங்குகிறது என்று ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, கத்தரியை உள்ளே வையுங்கள். செத்த கிளைகள் அசிங்கமாக இருந்தாலும் அடுத்த பனிக்கு அவைதான் மறைப்பு. அக்டோபர் நடுவில் துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். வேம்பு அடியிலிருந்து தழைப்பதில் கெட்டிக்காரன். நான்கைந்து முளை கிளம்பினால் நேராக, தடித்ததாக உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். டிசம்பர் வரை ஒன்றும் வராவிட்டால் பிடுங்கலாம். பிடுங்கியபின் அதே இடத்தில் மீண்டும் நடவேண்டாம்.

தேக்கு, மகோகனிக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான். தேக்கு வறட்சிக் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பதால் அந்தமட்டும் தப்பிக்கும். ஆனால் நுனிமொட்டு பனியில் செத்தால் தண்டு கவடுபட்டு, நேரான மரம் கிடைக்காது. மகோகனிக் கன்று வேம்பைவிடவும் மென்மை. கடற்கரைக்கு வெளியே இரண்டையும் மரத்துக்காக நடுவது வீண்செலவு என்பது என் கருத்து.

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?

பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரக்கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை, கன்று எதுவும் விமானநிலையத்தைத் தாண்டக்கூடாது. போதாததற்கு, வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். அத்தை பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்திருந்த போன வருட விதை எப்படியும் முளைக்காது. இங்குள்ள கன்றுகடையிலோ, டர்பன் பக்கம் மரம் வைத்திருக்கும் உறவினரிடமோ கேளுங்கள். இங்கே பழுத்து விழுந்த பழத்தைச் சதை நீக்கி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, அந்த வாரத்திலேயே விதைத்துவிடுங்கள்.